வெட்டுப்பட்ட வீரனுக்கு உயிர் எப்போது போகும்?
பகடை விளையாட்டுக்குப் புறநானூறு சொல்லும் பாடம்

மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் பகடைகள். ஒருவர் கதை சொல்கிறார். மற்ற நால்வரும் அந்தக் கதையில் வரும் வீரர்கள்!

"பகைவன் உன் வயிற்றில் ஈட்டியால் குத்திவிட்டான்" என்கிறார் கதை சொல்பவர். பகடை உருள்கிறது. வீரன் பிழைப்பானா, மடிவானா?

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவரின் முயற்சியால் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இந்த வகை விளையாட்டுக்கு முன்னோடி.

அரை நிமிடத்தில் முடிவு

ஒவ்வொரு வீரனுக்கும் உயிர்ப் புள்ளிகள் உண்டு. வெட்டு விழ விழப் புள்ளி குறையும். ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருந்தாலும், அவன் முழுப் பலத்தோடு சண்டை போடுவான்! புள்ளி தீர்ந்தால் மயங்கி விழுவான்.

2014-ம் ஆண்டு விதிப்படி, அப்போது 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். மூன்று முறை 10-ம் அதற்கு மேலும் விழுந்தால் உயிர் தங்கும். மூன்று முறை அதற்குக் குறைந்தால் சாவு. ஒரு சுற்றுக்கு 6 வினாடி. அரை நிமிடத்தில் கணக்கு முடிந்துவிடும்!

உண்மையில் சாவு இப்படி வருவதில்லை. இதயத்தில் குத்துப்பட்டவன்கூடச் சில வினாடி நின்று திருப்பித் தாக்க முடியும். பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். வயிற்றில் குத்துப்பட்டவனோ, புண் சீழ்பிடித்து, காய்ச்சல் கண்டு, பல நாள் கழித்துச் சாகலாம்.

பெசன்ட் நகர் நூல் நிலையம்

தமிழர்கள் இதை அன்றே அறிந்திருந்தார்கள். சென்னை பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே.சாமிநாதய்யர் நூல் நிலையம் இருக்கிறது. அந்தப் பெரியவர் மறைந்த மறு ஆண்டு, 1943-ல், அவர் பெயரால் தொடங்கப்பட்டது. ஓலைச்சுவடிகளில் கிடந்த புறநானூற்றை 1894-ல் அச்சில் தந்தவர் அவர்தான்.

அதில் 281-வது பாட்டு அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்ட வீரன் வீட்டில் கிடக்கிறான். அவன் மனைவி தோழியை அழைக்கிறாள். வீட்டில் வேப்பிலை செருக வேண்டும். வெண்கடுகு தூவ வேண்டும். யாழ் இசைக்க வேண்டும். மணி அடிக்க வேண்டும். நறும்புகை போட வேண்டும். அவன் புண்ணைக் காக்க வேண்டும்!

போர் முடிந்துவிட்டது. ஆனால் அவள் போராட்டம் முடியவில்லை.

விளையாட்டில் வராத கேள்வி

1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டில் தலை, வயிறு, கை, கால் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் புள்ளி உண்டு. அது ஒரு படி முன்னேற்றம். ஆனாலும் புண் எங்கே என்பது மட்டும் போதாது. உயிர் போக எவ்வளவு நேரம் இருக்கிறது? அந்த நேரத்தில் நண்பர்கள் என்ன செய்வார்கள்? தூக்கிச் சுமப்பார்களா, விட்டு ஓடுவார்களா? இதை ஆடுபவர்களே முடிவு செய்யும்போதுதான் விளையாட்டில் உயிருக்கு மதிப்பு வரும்.

வீட்டிலும் தெருவிலும் அந்த நேரத்துக்கு இன்னும் அதிக மதிப்பு. யாருக்காவது ரத்தம் பெருகினால், சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். குத்திய பொருளைப் பிடுங்காதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள். இங்கே இன்னொரு முறை பகடை உருட்ட முடியாது!