மூச்சுக்கும் உண்டு பயிற்சி

டீ ஆறுவதற்குள் குடித்துக்கொண்டே கேளுங்கள். பிசியோதெரபி என்றாலே நம்மவர்களுக்குக் ‘கரண்ட் வைப்பது’தான். கரண்டும் ஒத்தடமும் கொஞ்ச நேரம் வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். குணமாக்குவது நீங்கள் செய்கிற பயிற்சி.

இடுப்பு வலியை எடுத்துக்கொள்வோம். 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடிய பிறகு, மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் பிள்ளைகளுக்கு இது சகஜம். பெரும்பாலும் எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நாள்கணக்கில் படுத்தால்தான் தசை தளர்ந்து வலி நீளும். தாங்குகிற அளவு நடக்க வேண்டும். ஆனால் கால் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடங்காமல் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முழங்கால் தேய்மானத்துக்கு முன்தொடைத் தசையைப் பலப்படுத்துவார்கள். சர்க்கரைக்காரர்கள் சிலருக்குத் தோள் இறுகித் தலைவாரக்கூடக் கை எழாது. அது இளக மாதக்கணக்காகும்.

ஆனால் நம் மைசூர் மைன்ஸ் சுரங்கப் பகுதியில் முக்கியமாகப் பேச வேண்டியது மூச்சைப் பற்றித்தான். பாறையைத் துளைக்கையில் பறந்த சிலிக்கா தூசு நுரையீரலில் தழும்பாகிப் போவதே சிலிகோசிஸ். இந்தியாவில் இந்நோய் முதலில் 1947-ல் நம் தங்கவயலில் பதிவானதாக மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. அந்தத் தழும்பை மருந்தாலும் அழிக்க முடியாது, பயிற்சியாலும் முடியாது. பிறகு எதற்குப் பிசியோதெரபி?

மூச்சு வாங்குகிறதே என்று, சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா நடப்பதைக் குறைக்கிறார். கால் தசை மெலிகிறது. மெலிந்த தசை சீக்கிரம் களைத்து இன்னும் காற்று கேட்கிறது. நாலடி வைப்பதற்குள் மறுபடி இரைக்கிறது. வீட்டார் வேறு, பாசத்தில், “நீங்க உட்காருங்கப்பா” என்று கட்டிலோடு முடக்கிவிடுகிறார்கள்! இந்தச் சுழலைத்தான் பயிற்சி அறுக்கிறது. மூக்கால் மூச்சை இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விட வேண்டும். கொஞ்சம் நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் வாரம் இரண்டு மூன்று முறை, ஆறு முதல் எட்டு வாரம் செய்தால் நுரையீரல் அப்படியே இருந்தாலும் நடக்கிற தூரம் கூடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும். சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், பயிற்சிக்கு முன் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துவிடுங்கள்; அங்கே அது இலவசம்.