உங்களுக்குத் தெரியுமா? கழித்த துண்டுகளில் கற்ற கலை

1915இல் நடிகர் எல்மர் பூத் கார் விபத்தில் இறந்தார். குடும்பப் பொறுப்பு, அப்போதுதான் பள்ளிப்படிப்பை முடித்திருந்த தங்கை மார்கரெட்டின் தலையில் விழுந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் அவருக்கு நெகட்டிவ் வெட்டும் வேலை கொடுத்தார்.

அந்நாளில் ஃபிலிமின் ஓரத்தில் எண்கள் கிடையாது. பிரிண்டையும் நெகட்டிவையும் அருகருகே பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாகக் கண்ணால் ஒப்பிட்டுத்தான் வெட்டவேண்டும். முகம் மட்டும் தெரியும் குளோஸப் என்றால் கேட்கவே வேண்டாம். உதடு அசைந்ததா, இமை தாழ்ந்ததா என்று தேடித் தேடிக் கண் பூத்துவிடும்!

பிறகு இயக்குநர் ஜான் ஸ்டாலிடம் சேர்ந்தார். வேலைநேரம் முடிந்தபின், ஸ்டால் கழித்துப்போட்ட துண்டுகளை ஒட்டித் தாமே காட்சிகளைத் தொகுத்துப் பழகினார். ஒருநாள் ஒரு காட்சி ஸ்டாலுக்கு எப்படியும் சரியாக அமையவில்லை. மார்கரெட் தொகுத்து வைத்திருந்ததைப் பார்த்தவர், அதையே படத்தில் சேர்த்துக்கொண்டார்.

'ம்யூட்டினி ஆன் தி பவுண்ட்டி' (1935) படத்தைத் தொகுத்ததற்காக மார்கரெட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை.

1939 முதல் 1968 வரை எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் தலைமைப் படத்தொகுப்பாளர் அவர்தான். பெரிய இயக்குநர்களின் படங்களும் அவர் பார்வைக்குத் தப்பியதில்லை. கௌரவ ஆஸ்கர் 1978இல்தான் வந்தது, அவரது 80ஆவது வயதில். அதற்குப் பிறகாவது ஓய்ந்தாரா? 104 வயதுவரை வாழ்ந்த மார்கரெட், 1982இல் வெளியான 'ஆனி' படத்திலும் பணியாற்றினார்.