உஷார்! பார்க்காத ஊரில் வாடகை வீடு வாங்குகிறீர்களா?

கிளீவ்லேண்டில் தனி வீடு. விலை 1,20,000 டாலர். மாத வாடகை 1,300. டெனன்ட் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார், மேனேஜரும் தயார், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். அமெரிக்கத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி வந்து விழுந்தால் உடனே நாலு பேர், "மச்சி, டீடெயில்ஸ் அனுப்புடா" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. பே ஏரியாவிலும் நியூஜெர்சியிலும் குடியிருக்கும் வீட்டுக்கே மூச்சு முட்டுகிறது. இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவதை அங்கே நினைத்துப் பார்க்க முடியாது. அதனால் ஒஹையோ, இண்டியானா, மிச்சிகன், டென்னசி என்று கண் போகிறது. போகட்டும். பணத்தை மட்டும் இப்போதைக்கு அனுப்பாதீர்கள்!

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வியாபாரத்தில் "தாராளமா வாங்கலாம் சார்" என்று சொல்பவர்கள் எல்லாருமே, நீங்கள் வாங்கினால் மட்டும் காசு பார்ப்பவர்கள். ஏஜென்ட்டுக்கு விற்றால்தான் கமிஷன். பழுது பார்த்து, ஆள் வைத்து, மேனேஜரோடு சேர்த்து விற்கும் 'டர்ன்கீ' கம்பெனிக்கு விலையிலேயே லாபம் ஏறியிருக்கிறது. கடன் வாங்கித் தருபவருக்குக் கடன் முடிந்தால் கட்டணம். ஹோல்சேலர் அந்த வீட்டுக்கு ஓனரே கிடையாது; ஓனரோடு போட்ட ஒப்பந்தத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டு, நடுவில் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு போகிறவர். வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டரைக்கூட "நம்ம ஆளுதான்" என்று விற்பவரே அறிமுகப்படுத்துவார். உள்ளூரில் வாங்கினால் ஒரு சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்து பார்ப்பீர்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பீர்கள். 2,000 மைலுக்கு அப்பால் வாங்கும்போது கண்ணும் காதும் இவர்களிடமிருந்து இரவல்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன வீட்டுக்கு 25 சதவிகிதம், அதாவது 30,000 டாலர் டவுன் பேமென்ட் கட்டுகிறீர்கள். மீதி 90,000-க்கு ஏழரை சதவிகித வட்டியில் 30 வருஷக் கடன் என்றால் தவணை வருஷத்துக்கு 7,550 டாலர் வரும். விற்பவர் அனுப்பும் தாளில் வாடகை 15,600, மேனேஜருக்கு 1,560, வீட்டு வரி 1,800, இன்ஷூரன்ஸ் 900. தவணையும் போக 3,790 டாலர் மிச்சம். போட்ட பணத்துக்கு 12 சதவிகிதத்துக்கு மேல் வருமானம், பலே!

அதே வீட்டுக்கு நாம் ஒரு தாள் போடுவோம். டெனன்ட் காலி செய்து வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தால் வரவு 14,300. மேனேஜருக்குப் பத்து சதவிகிதம் 1,430. புது டெனன்ட்டைப் பிடித்துத் தந்ததற்குத் தனியாக ஒரு மாத வாடகை 1,300. வரி உங்கள் பெயரில் 3,000. இன்ஷூரன்ஸ் 1,500. தவணை 7,550. கூட்டிக் கழித்தால் கையிலிருந்து 480 டாலர் போகிறது. இதில் ஒரு குழாய்கூட இன்னும் ஒழுகவில்லை.

வரி எப்படி 1,800-லிருந்து 3,000 ஆனது? விற்பவர் காட்டியது இப்போதைய ஓனரின் பழைய பில். பல மாநிலங்களில் ஓனரே குடியிருந்தால் சலுகை உண்டு; வாங்கி வாடகைக்கு விடும் உங்களுக்குக் கிடையாது. இண்டியானாவில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வரியின் உச்சவரம்பு மதிப்பில் 1 சதவிகிதம், வாடகை வீட்டுக்கு 2. இதை 2010-ல் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். தென் கரோலினாவில் குடியிருப்பவருக்கு மதிப்பில் 4 சதவிகிதத்தின் மீதுதான் வரி, உங்களுக்கு 6 சதவிகிதத்தின் மீது. போதாததற்கு அவருக்குப் பள்ளிக்கூடச் செலவுக்கான வரியில் இருக்கும் விலக்கும் உங்களுக்கு இல்லை. மிச்சிகன் இன்னும் கெட்டி. 1994-ல் அங்கே வந்த ஏற்பாட்டின்படி, ஒரே ஓனர் கையில் இருக்கும்வரை வரிக்குரிய மதிப்பு வருஷத்துக்கு 5 சதவிகிதத்துக்கு மேல் ஏறாது. விலைவாசி அதைவிடக் குறைவாக ஏறினால் அந்த அளவுதான். வீடு கைமாறிய மறுவருஷம் அந்த வரம்பு போய்விடும், மதிப்பு ஒரே தாவாகத் தாவும். இருபது வருஷமாக ஒரு பாட்டி வைத்திருந்த டெட்ராய்ட் வீட்டின் பில்லைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் கதி என்னவாகும்? அதன் மேல், ஓனர் குடியிருக்காத வீடு என்பதால் வரிக்குரிய மதிப்பில் ஆயிரத்துக்கு 18 டாலர் வரை பள்ளி வரி வேறு. கவுன்ட்டி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "நான் வாங்கி வாடகைக்கு விட்டால் அடுத்த வருஷ பில் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை, காசு கிடையாது. அதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி வீட்டுக்கு வருவோம். அனுப்பியிருக்கும் போட்டோக்களை நிதானமாகப் பாருங்கள். சுவருக்குச் சாம்பல் பெயின்ட், தரையில் சாம்பல் பலகை, கிச்சனில் பளிச்சென்று வெள்ளைக் கேபினெட். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடம். பேஸ்மென்ட் படம் இருக்கிறதா? எலெக்ட்ரிக் பேனலின் மூடியைத் திறந்து எடுத்த படம்? ஃபர்னஸ் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த வருஷம் தெரிகிற படம்? கூரையின் படம்? கிளீவ்லேண்ட், டெட்ராய்ட் பக்கம் மலிவாகக் கிடைக்கும் வீடுகளில் நூறு வயசை நெருங்கியவை ஏராளம். வாசலில் பெரிய மரம் அழகாக நிற்கும். அதன் வேர், வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் பழைய சுட்டமண் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்திருக்கும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சில நூறு டாலர் ஆகும். பார்க்காமல் வாங்கி, பிறகு தோண்டி மாற்றினால் பல ஆயிரம். சாதாரண இன்ஸ்பெக்‌ஷனில் இது சேராது, தனியாகக் கேட்க வேண்டும்.

நகரத்துச் சட்டங்களையும் யாரும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-ல். அதற்கு முன்பு கட்டிய வாடகை வீடுகளுக்கு, ஈய ஆபத்து இல்லை என்ற சான்றிதழ் வேண்டும் என்று கிளீவ்லேண்ட் 2019-ல் சட்டம் போட்டது. வெளியூர் முதலாளிகள் வீடுகளைப் பாழாக விட்டுவிட்டுப் போனில்கூடக் கிடைப்பதில்லை என்ற கோபம் அந்த ஊரில் நெடுநாளாக உண்டு. 2024-ல் 'ரெசிடென்ட்ஸ் ஃபர்ஸ்ட்' என்ற சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்து, வெளியூர் ஓனர் என்றால் வீட்டுக்குப் பொறுப்பாக உள்ளூரில் ஒரு ஆளைக் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்திவிட்டார்கள். அந்த ஊரில் வீட்டு வழக்குகளுக்கென்றே தனி கோர்ட் இருக்கிறது. சம்மன் சான் ஹோசேவுக்கும் வரும். பக்கத்திலுள்ள ஷேக்கர் ஹைட்ஸ், கிளீவ்லேண்ட் ஹைட்ஸ் போன்ற ஊர்களில் வீடு கைமாறும்போதே நகரத்துச் சோதனை உண்டு. குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு "இருக்கிற நிலையில் வாங்குகிறேன்" என்று கையெழுத்திட்டவர் தலையில் வந்து விழலாம்.

இண்டியானாபொலிஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு முன்னாள் டிவி தொகுப்பாளரின் கம்பெனியை நம்பி, நாட்டின் பல மூலைகளிலிருந்து சாதாரண மக்கள் அங்கே வீடு வாங்கினார்கள். பழுது பார்த்து, வாடகைக்கு விட்டு, மாதாமாதம் பணம் வரும் என்றுதான் பேச்சு. பழுதே பார்க்கவில்லை, டெனன்ட்டும் இல்லை, வீடு காலியாகக் கிடக்கிறது என்று வாங்கியவர்கள் பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரே ஒரு தடவை விமானம் ஏறிப்போய்க் கதவைத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். டிக்கெட் 400 டாலர் ஆகிறதே என்று யோசித்து 30,000 டாலரைக் கண்ணால் பார்க்காமல் அனுப்புகிற சிக்கனம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மேனேஜர் விஷயம் தனி ராமாயணம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அது இவர்களுக்காகவே சொன்னது போலிருக்கும். நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பத்து சதவிகிதம் என்பது வாசல்படிதான். டெனன்ட் பிடிக்கக் கட்டணம், ஒப்பந்தம் புதுப்பிக்கக் கட்டணம், பிளம்பர் பில்லின் மேல் இவருக்கு ஒரு பங்கு, வீடு காலியாக இருந்தாலும் மாதக் கட்டணம் என்று உள்ளே போகப் போக அறைகள். "300 டாலர் வரை உங்களைக் கேட்காமல் செலவு செய்யலாம்" என்று ஒரு வரி இருக்கும். மாதக் கணக்கில் 285, 290, 295 என்றே பில்கள் வரத் தொடங்கினால் விஷயம் புரிந்துகொள்ளுங்கள். செலவுக்கு முன்னும் பின்னும் போட்டோ, கடைக்காரரின் அசல் ரசீது இரண்டும் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

வீடு காலியாகும்போதுதான் உண்மையான பயம். இன்ஷூரன்ஸ் பத்திரங்களில் பொதுவாக ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும்: வீடு 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் கிடந்தால், நாசவேலை, திருட்டு, குழாய் உறைந்து வெடிப்பது போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது அல்லது குறையும். செம்புக் குழாயை அறுத்துக்கொண்டு போகிறவர்களும், ஒஹையோவின் ஜனவரிக் குளிரும் ஆளில்லாத வீட்டைத்தான் தேடி வருகிறார்கள்.

வெள்ளமும் சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் வராது, அதற்குத் தனிப் பாலிசி. ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 2017 ஆகஸ்ட்டில் ஹார்வி புயல் வந்தபோது பார்க்கர், ஆடிக்ஸ் நீர்த்தேக்கங்கள் நிரம்பி, பின்பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. 'இந்த இடம் நீரில் மூழ்க வாய்ப்புண்டு' என்று ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டியின் சில மனை வரைபடங்களில் பொடி எழுத்தில் ஏற்கெனவே இருந்தது. அந்த வரைபடத்தை வாங்குபவர் கையில் கொடுத்துக் காட்டுவதற்கு ஆளில்லை. அரசின் வெள்ள இன்ஷூரன்ஸ் பொதுவாக வாங்கி 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் கிளம்பியதை டிவியில் பார்த்துவிட்டு வாங்கிப் பயனில்லை.

"நஷ்டம் வந்தா என்ன, டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்" என்று ஒரு நண்பர் கட்டாயம் சொல்வார். வாடகை நஷ்டத்தில் 25,000 டாலர் வரை சம்பளத்தில் கழிக்கும் சலுகை, ஆண்டு வருமானம் 1,00,000 டாலரைத் தாண்டியதும் தேயத் தொடங்கி 1,50,000-ல் பூஜ்யமாகிவிடும். கணவன், மனைவி இருவரும் ஐடியில் இருந்தால் அந்த வருஷம் ஒரு டாலரும் கழியாமல் போகலாம். நஷ்டம் பின்வரும் வருஷங்களுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அடுத்த யோசனை, "வயோமிங்ல ஒரு எல்எல்சி போட்டுடு". கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு அதை நிர்வகித்தால், எங்கே பதிவு செய்திருந்தாலும் கலிபோர்னியாவுக்கு வருஷம் 800 டாலர் கட்டியாக வேண்டும். நாலு வீட்டுக்கு நாலு எல்எல்சி என்றால் 3,200. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீட்டை வைத்து வாடகை வாங்குவது முதலீடு. தானே இறங்கி நடத்தினால் அது வேலை என்று பார்க்கப்படக்கூடும். வாங்குவதற்கு முன்பே குடிவரவு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

சம்பளச் சீட்டு கேட்காமல், வாடகையை மட்டும் பார்த்துக் கொடுக்கும் டிஎஸ்சிஆர் கடன் என்று ஒன்று சுற்றுகிறது. வட்டி கூடுதல். முன்கூட்டியே அடைத்தால் முதல் வருஷம் 5 சதவிகிதம், அடுத்த வருஷம் 4 என்று அபராதம் போடும் வகைகளும் உண்டு. கழுத்தைப் பிடிக்கிறதே என்று வீட்டை விற்க நினைத்தாலும் தண்டம் கட்டித்தான் விற்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவது என்று முடிவெடுத்தால், விற்பவர் பெயரே கேள்விப்படாத ஒரு இன்ஸ்பெக்டரை நீங்களே தேடிப்பிடித்து உங்கள் காசில் அனுப்புங்கள். உள்ளே இருக்கும் டெனன்ட் உண்மையிலேயே வாடகை கட்டுகிறாரா என்று, வாடகை பேங்கில் விழுந்த ஆதாரத்தை ஆறு மாதத்துக்குக் கேளுங்கள். ஒப்பந்தத் தாளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'க்விட்கிளெய்ம்' பத்திரம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் எழுதிக்கொடுப்பவர் தனக்கு உரிமை இருக்கிறது என்றே உத்தரவாதம் தருவதில்லை. உரிமையில் பிறகு வில்லங்கம் வந்தால் ஈடு தரும் டைட்டில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

கடைசி நாளில் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. பணம் அனுப்ப வேண்டிய அன்று காலை, பத்திர வேலையை முடித்துத் தரும் டைட்டில் கம்பெனியிடமிருந்து வந்தது போலவே ஒரு மெயில் வரும்: "அக்கவுன்ட் நம்பர் மாறிவிட்டது, இதற்கு அனுப்பவும்." வீட்டு முகவரி சரியாக இருக்கும், தொகை சரியாக இருக்கும், உங்களோடு பேசி வந்த பெண்ணின் பெயரும் கீழே இருக்கும். யாரோ ஒருவரின் மெயில் பெட்டிக்குள் திருடன் வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருப்பான். அந்த மெயிலில் உள்ள போன் நம்பரைத் தொடவே தொடாதீர்கள். முதல் நாளே எழுதி வைத்த நம்பருக்கு அழைத்து, அக்கவுன்ட் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கச் சொல்லி ஒத்துப்பாருங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த நிமிஷமே உங்கள் பேங்கின் மோசடிப் பிரிவுக்குப் போன் செய்து பணத்தைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள், அதே மணிநேரத்தில் எஃப்பிஐயின் ஐசி3 தளத்தில் புகார் பதியுங்கள். சனிக்கிழமைதானே, திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பணம் நாலு அக்கவுன்ட் தாண்டிப் போயிருக்கும்.