மாத்தளையின் மக்களும் பிழைப்பும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் கோட்டை கொத்தளங்களையும் கல்வெட்டுக்களையும் தேடிச் செல்வர். அந்நாட்டில் வாழ்ந்த சாதாரண மக்கள் எங்கிருந்து வந்தனர், என்ன தொழில் செய்து பிழைத்தனர், ஏன் இடம் பெயர்ந்தனர் என்பனவற்றை அறிய வேண்டுமாயின் குடிசனத் தொகைமதிப்பு அறிக்கைகளையே நாட வேண்டும். இலங்கை முழுவதற்குமான முதலாவது தொகைமதிப்பு 1871இல் எடுக்கப்பட்டது; அண்மையில் எடுக்கப்பட்டது 2024இல். இவ்வறிக்கைகள் வெறும் இலக்கக் குவியல்கள் அல்ல. ஒவ்வோர் இலக்கத்தின் பின்னும் ஒரு குடும்பத்தின் இன்ப துன்பங்கள் மறைந்துள்ளன. நம் மாத்தளையை உற்று நோக்குவோமாயின் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை 1981இல் ஏறக்குறைய 3 இலட்சத்து 57 ஆயிரமாக இருந்தது. 2001இல் அது 4 இலட்சத்து 41 ஆயிரமாயிற்று. 2012இல் 4 இலட்சத்து 84 ஆயிரத்தைத் தாண்டியது. அஃதாவது, 31 ஆண்டுகளில் ஏறக்குறைய 1 இலட்சத்து 27 ஆயிரம் பேர் கூடியுள்ளனர். இது நாட்டின் பொதுவான வளர்ச்சியோடு ஒட்டியதே. ஆயினும், இவ்வளர்ச்சி மாவட்டம் எங்கும் ஒரே சீராக நிகழவில்லை. எல்லாச் சமூகத்தாரிடையேயும் ஒரே அளவில் நிகழவும் இல்லை. பிறப்பும் இறப்பும் மட்டுமே சனத்தொகையைத் தீர்மானிப்பன அல்ல. பிழைப்பும் சட்டமும் அவற்றைப் போலவே வலிமை வாய்ந்தவை.

மலைநாட்டின் தலைவாயில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகவே கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியோர்க்கு மாத்தளையே மலைநாட்டின் தலைவாயிலாக விளங்கியது. 1880இல் கண்டியிலிருந்து இங்கு புகையிரதப் பாதையும் வந்து சேர்ந்தது.

கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் மிகுதியான ஆட்கள் வேண்டும். ஆதலின், வந்தோரில் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். எனவே தொழிலாளர் குடும்பத்தோடு வந்து லயங்களில் நிலையாகத் தங்கினர். பயிர் மாறியதும் குடியும் மாறியது. வழிப்போக்கராய் வந்தோர் இந்நாட்டின் நிரந்தர மக்களாயினர். மாத்தளையில் தேயிலையோடு இறப்பரும் கொக்கோவும் செழித்தன.

குறைந்த பங்கு

இன்று மாவட்ட மக்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். தமிழரும் முஸ்லிம்களும் தனித்தனியே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கினர். தோட்டத் தமிழரின் பங்கு இவ்வாறு சுருங்கியது பிள்ளைகள் பிறவாமையால் அன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. ஒரே குடும்பத்தில் சிலர் செல்லவும் சிலர் தங்கவும் நேர்ந்தமையை மலையகத்தில் அறியாதார் இல்லை. 1972இலும் 1975இலும் நடைபெற்ற காணிச் சீர்திருத்தங்களால் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன; வேலையிழந்தோர் பலர் வவுனியாவையும் கிளிநொச்சியையும் நாடினர். 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மேலும் பலரைப் பெயர்த்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

மாணவர்கள் இங்கு மற்றொன்றையும் கருத்தில் கொள்ளுதல் நன்று. 1911இலிருந்து தொகைமதிப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு பிரிவுகள் வகுக்கப்பட்டன. பிற்காலத்தில் மலையகத்தார் பலர் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்தனர். ஆகவே, இந்தியத் தமிழரின் எண்ணிக்கை குறைந்ததாகக் காணும்போது, எத்துணைப் பேர் சென்றனர், எத்துணைப் பேர் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டனர் என்று வினவாமல் முடிவு செய்தல் தகாது.

வடக்கே நகர்ந்த வணிகம்

பொருளாதாரத் துறையிலும் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி நீர் திருப்பப்பட்டு, உக்குவளை மின்னிலையம் வழியாகச் சுது கங்கையில் சேர்ந்து வடக்கே பாய்ந்தது. 2018இல் மொறகஹகந்தை நீர்த்தேக்கமும் பயன்பாட்டுக்கு வந்தது. தம்புள்ளையில் 1999இல் அமைந்த பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி வணிகத்துக்கே மையமாயிற்று. 2011இல் தம்புள்ளை தனி மாநகர சபையானது. முற்காலத்தில் மலைத் தோட்டங்களை நம்பியிருந்த மாவட்டத்தில் இன்று வணிகத்தின் விசை வடக்கே சமவெளியில் உள்ளது. இம்மாற்றத்தின் பயன் நீரும் நிலமும் உடையவர்க்கே முதலில் சேர்ந்தது. தமக்கெனக் காணித்துண்டு இல்லாத தோட்டக் குடும்பத்தார் அதனைத் தொலைவில் நின்றே கண்டனர்.

இனிச் செய்ய வேண்டுவது

நாட்டில் 2013இல் 3 இலட்சத்து 65 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தனர். 2023இல் அத்தொகை 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 65 வயதைக் கடந்தோர் 2012இல் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருந்தனர். 2024இல் நூற்றுக்கு 12 பேருக்கு மேலாயினர். இவ்விலக்கங்கள் வீட்டுக்கு வீடு எதிரொலிப்பவை. முதியோரைப் பேணும் பொறுப்பு குறைந்த பிள்ளைகளின் தோள்களில் விழும். பிள்ளைகள் குறைந்தால் வகுப்புக்கள் சுருங்கும். வகுப்புக்கள் சுருங்கினால் சிறிய தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியரைப் பெறுதல் அரிதாகும். கல்வி கற்ற இளைஞர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிடின், எஞ்சுவோர் முதியோரே ஆவர்.

அவர்களை இங்கேயே தங்கச் செய்யும் பிழைப்பு உண்டா? உண்டு என்றே நாம் கருதுகிறோம். மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா ஆகியவை மாத்தளையின் வீட்டுத் தோட்டங்களிலேயே விளைகின்றன. இவற்றைப் பயிரிடுவோர் பெரும்பாலும் சிறு விவசாயிகள். இலங்கை மிளகின் காரச் சத்து உலகில் நற்பெயர் பெற்றது. ஆயினும், அதன் பெரும்பகுதி உலர்த்திய மணியாகவே ஏற்றுமதியாகிறது. தரம் பிரித்தல், அரைத்தல், எண்ணெய் வடித்தல், பொதி செய்தல் ஆகியவற்றால் வரும் இலாபம் பிறர் கைக்குப் போகின்றது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. விஞ்ஞானமும் வணிகமும் பயிலும் நம் மாணவர்கள் அதன் பணிகளை அறிந்துகொள்ளட்டும். பெற்றோரும் அரசாங்க உத்தியோகம் ஒன்றே உத்தியோகம் என்ற எண்ணத்தைச் சற்றுத் தளர்த்துவது நலம். தோட்டக் குடும்பங்களுக்குச் சொந்தமாக ஒரு காணித்துண்டு கிடைக்குமாயின், மிளகுக் கொடி அவர்கள் முற்றத்திலும் படரும்.

ஒரு காலத்தில் பயிர் மக்களை இங்கே கொண்டுவந்தது. சட்டமும் வன்செயலும் அவர்களைப் பெயர்த்தன. அடுத்த தொகைமதிப்பு என்ன கூறும் என்பதோ, இன்று நம் பிள்ளைகளுக்கு எத்தகைய கல்வியும் தொழிலும் தேடித் தருகிறோம் என்பதைப் பொறுத்தது.