எந்தப் படம் முந்தியது? பயண ஒளிப்படங்களும் கால வரிசையும்

பயண ஒளிப்படத் தொகுப்பு ஒன்றின் பயன், தனித்தனிப் படங்களின் அழகை மட்டுமன்றி அவை அமைந்திருக்கும் வரிசையையும் சார்ந்தது. எங்கிருந்து எங்கே சென்றார்கள், எதை முதலில் கண்டார்கள் என்பவற்றை வரிசைதான் சொல்கிறது. ஒரே கேமராவில் எடுத்த படங்களில் இவ்வரிசை தானாகவே அமைந்துவிடும். குழுவாகச் சென்றவர்கள் பல கேமராக்களிலும் கைப்பேசிகளிலும் எடுத்தவற்றை ஒன்றுசேர்க்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

படம் பதிவாகும் கணத்தில் கேமரா தன் உள் கடிகாரத்தைப் பார்த்து, ஆண்டு முதல் விநாடி வரையிலான நேரத்தைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. இவ்வாறு எழுதப்படும் குறிப்புகளுக்கான பொது வடிவமே எக்ஸிஃப் எனப்படுகிறது. ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1995இல் வெளியிட்ட இவ்வடிவத்தில், அந்த நேரம் எந்த நாட்டு நேரம் என்பதைக் குறிக்கத் தனி இடம் இருக்கவில்லை. 2016இல் வந்த 2.31ஆம் பதிப்பில்தான் நேர மண்டலத்துக்கான இடம் சேர்க்கப்பட்டது. ஆகவே பழைய கேமராவின் படத்தில் காலை 8.30 என்றிருந்தால், அது சென்னையின் 8.30ஆ, காத்மாண்டுவின் 8.30ஆ என்பதை அக்குறிப்பை மட்டும் வைத்து அறிய இயலாது.

நேபாளம் வழியாகக் கைலாய மானசரோவர் யாத்திரை செல்வோரின் படங்கள் இதற்குத் தெளிவான சான்றாகும். நேபாளத்தின் நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முந்தியது. சீனா முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால், திபெத்தில் அதிகாரபூர்வ நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியதாகிறது. கைப்பேசி வலையமைப்பைப் பார்த்துத் தன் நேரத்தை மாற்றிக்கொள்ள, கேமரா இந்திய நேரத்திலேயே நிற்கிறது. அதனால், திபெத்தில் காலை 9 மணிக்கு விடுதியில் கைப்பேசி எடுத்த படத்துக்கு முன்னதாக, 11 மணிக்கு ஏரிக்கரையில் கேமரா எடுத்த படம் 8.30 என்ற முத்திரையுடன் வந்து நிற்கும். இணைப்பு கிடைக்காத மலைப்பகுதியில் கைப்பேசியும் பழைய மண்டலத்திலேயே தங்கிவிடக்கூடும் என்பதால், அதையும் கண்மூடி நம்புவதற்கில்லை.

ஒரே மண்டலத்துக்குள்ளும் கடிகாரங்கள் ஒத்துப்போவதில்லை. கேமராவின் கடிகாரம் விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு இயங்குகிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற சிறு பிழைகூட ஒரு மாதத்தில் ஏறத்தாழ 50 விநாடியாகிவிடும். கடுங்குளிரும் கடும்வெப்பமும் இப்பிழையைப் பெருக்குகின்றன. கோப்பின் பெயரை நம்புவதும் தீர்வாகாது. பெயரிலுள்ள நான்கு இலக்க எண் 9999ஐத் தொட்டபின் மீண்டும் 0001இலிருந்து தொடங்குவதோடு, இரு கேமராக்கள் ஒரே பெயரையே இடவும் கூடும்.

இதற்கான தீர்வு எளிமையானது. பயணத்தின் தொடக்கத்தில், விநாடி காட்டும் கைப்பேசிக் கடிகாரம் ஒன்றைக் குழுவின் ஒவ்வொரு கேமராவும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தில் தெரியும் கடிகாரம் 6 மணி 10 நிமிடம் எனக் காட்ட, அப்படத்தின் எக்ஸிஃப் குறிப்பு 6 மணி 6 நிமிடம் 40 விநாடி என்றிருந்தால், அந்தக் கேமராவின் படங்கள் அனைத்துக்கும் 3 நிமிடம் 20 விநாடி கூட்ட வேண்டும் என்பது உறுதியாகிறது. பயண முடிவிலும் இவ்வாறே செய்தால், இடையில் கடிகாரம் விலகிய அளவும் தெரிந்துவிடும். வழியில் எவரும் கேமராவின் நேரத்தை மாற்றாதிருப்பது நல்லது; மாற்றினால் அதற்கு முந்தியவற்றையும் பிந்தியவற்றையும் வெவ்வேறாகத் திருத்த நேரிடும்.

முன்னேற்பாடின்றித் திரும்பியவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. தீபாராதனை காட்டப்படும் கணம், வண்டி புறப்படும் கணம் போன்ற ஒரே நிகழ்வை இரு கேமராக்கள் பதிந்திருந்தால், அவ்விரு முத்திரைகளின் வேறுபாடே திருத்த வேண்டிய அளவாகும். இருப்பிடம் பதிவான கைப்பேசிப் படங்களில், செயற்கைக்கோள் தரும் உலகப் பொது நேரமும் பெரும்பாலும் இருக்கும்; மண்டலக் குழப்பத்தைத் தீர்க்க அது உதவும்.

திருத்தும் வேலையை ஒவ்வொரு படமாகச் செய்ய வேண்டியதில்லை. ஃபில் ஹார்வி உருவாக்கி இலவசமாக வழங்கும் எக்ஸிஃப்டூல், திறந்த மூல மென்பொருளான டிஜிகேம் போன்றவை ஒரு கேமராவின் படங்கள் அனைத்தின் நேரத்தையும் ஒரே கட்டளையில் நகர்த்திவிடும். அதற்குமுன் மூலப்படங்களின் நகல் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வதும், ஒவ்வொரு கேமராவின் படங்களையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்திருப்பதும் இன்றியமையாதவை. திருத்தியபின் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்ற ஒழுங்கில் பெயரிட்டால், எந்தக் கருவியில் திறந்தாலும் வரிசை மாறாது. காணொளிகளைத் தனியே சரிபார்க்க வேண்டும். எம்பி4 கோப்புகளில் உலகப் பொது நேரத்தை எழுதுவதே விதி என்றாலும் பல கேமராக்கள் உள்ளூர் நேரத்தை எழுதிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் குறிப்புகள் நீங்கிவிடுமாதலால், ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெறுவதே முறை.

ஒரு பயணத்தில் ஒவ்வொருவரும் காண்பது அதன் ஒரு பகுதியையே; பலரின் படங்கள் ஒரே காலக்கோட்டில் சேரும்போதுதான் முழுப் பயணமும் புலப்படுகிறது. உடன் சென்றவர்களின் நினைவு மங்கிய பிறகு தவறான வரிசையைத் திருத்தச் சான்று சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். ஆதலால், படங்களை ஒன்றுசேர்ப்பதற்கு முன்பே கடிகாரங்களை ஒப்பிட்டுவிடுவது பயணத்தின் ஒரு கடமையாகவே கொள்ளத்தக்கது.