எட்டி கலந்த நரம்பு மருந்தா? கேட்டுவிட்டுக் குடியுங்கள்

பள்ளிப்பட்டுப் பக்கம் எலும்பு முறிந்தால் எல்லை தாண்டிப் புத்தூர் கட்டுக்குப் போவது வழக்கம். கைமருத்துவத்தின் மேல் உள்ள அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விசைத்தறியில் நாள் முழுக்க நின்று கால் இழுக்கிறது, கை மரத்துப்போகிறது என்பவருக்குப் பெயரில்லாப் பொட்டலத்தில் யாராவது 'நரம்பு மருந்து' கொடுத்தால், அதில் எட்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும்.

எட்டிக்கொட்டை சட்டைப் பித்தான் போலத் தட்டையாய், சாம்பல் நிறத்தில் இருக்கும். அதிலுள்ள நஞ்சு ஸ்ட்ரிக்னைன் என்னும் ஆல்கலாய்டு. 1818-இல் பிரான்சில் பிரித்தெடுத்தார்கள். தசைகளை அடக்கிவைக்கும் நரம்புக் கட்டளையை அது தடுத்துவிடும். அதனால்தான் உடம்பில் முறுக்கேறியது போலத் தோன்றுகிறது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்சுக்கு வழியில் இதைக் கொடுத்தே ஓடவைத்தார்கள். தங்கம் கிடைத்தது, ஆனால் உயிர் பிழைத்ததே பெரிது. அளவு மிஞ்சினால் அரைமணி நேரத்துக்குள் தாடை கிட்டித்து, உடம்பு வில்லாக வளைந்து, மூச்சுத் தசைகள் இறுகிவிடும். நினைவு மட்டும் தப்பாது. அத்தனை வலியையும் நோயாளி உணர்ந்துகொண்டே இருப்பார்.

சித்த மருத்துவர்கள் எட்டியைச் சுத்தி செய்யாமல் உள்ளுக்குக் கொடுப்பதில்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் இ(1) அட்டவணையும் அதை நச்சுச் சரக்காகவே வைத்திருக்கிறது. எட்டி சேர்ந்த உள்மருந்துப் புட்டியில், மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். ஆனால் விதி கேட்பது ஆங்கிலமும் இந்தியும்தான். தமிழும் தெலுங்கும் பேசும் இந்த ஊரில் அதை எத்தனை பேர் படிப்பார்கள்? எச்சரிக்கை தமிழிலும் வந்தாக வேண்டும். அதுவரை குச்லா, விஷமுஷ்டி, நக்ஸ் வாமிகா என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது எட்டிதான் என்று நினைவில் வையுங்கள்.

சேர்மானம், தொகுதி எண், உற்பத்தி உரிம எண் இல்லாத புட்டியை வாங்காதீர்கள்; பில் கேளுங்கள். பக்கவாதத்தைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாவட்டச் சித்த மருத்துவ அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

மருந்து குடித்தவருக்கு இழுப்பு கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். சத்தமும் வெளிச்சமும் தொடுதலும் இழுப்பைக் கூட்டும். சுற்றிக் கூட்டம் கூடவேண்டாம். எட்டி நஞ்சுக்கென்று தனி மாற்றுமருந்து இல்லை. இழுப்பை அடக்கி மூச்சைக் காப்பதுதான் சிகிச்சை. மிச்ச மருந்தையும் பொட்டலத்தாளையும் மறக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.