கையால் சுருட்டினால் தெமாகி!

ஆடித்தபசுக்கு லீவு போட்டுவிட்டு சங்கரன்கோவில் வரும் பிள்ளை, "அம்மா, இன்னிக்கு தெமாகி பண்ணலாம்" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினால் மிரண்டு விடாதீர்கள். ஜப்பானிய மொழியில் 'தெ' என்றால் கை. 'மாகி' என்றால் சுருட்டுவது. அவ்வளவுதான் அர்த்தம்! மூங்கில் பாயில் உருட்டி, துண்டு போடுகிற வேலையெல்லாம் இதில் கிடையாது. நோரி என்கிற கடற்பாசித் தாளில் வினிகர் கலந்த சோறும் காயும் வைத்து, சுண்டல் பொட்டலம் மாதிரி கூம்பாகச் சுருட்ட வேண்டியதுதான். சுருட்டிய கையோடு சாப்பிட்டு விடணும். வைத்திருந்தால் தாள் நமுத்துப் போகும்.

"ஐயையோ, பச்சை மீனா?" என்கிறீர்களா? சுஷி என்பதே புளிப்புச் சோற்றை வைத்து வந்த பெயர், மீன் கட்டாயமில்லை. பச்சையாகச் சாப்பிடும் பல வகை மீன்களை, புழு பயத்துக்காக மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைப்பார்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் நம்மூருக்கு ஐஸ் பெட்டியில் வருகிற மீன் குழம்புக்குத்தான் சரி. ஐஸ் அந்தப் புழுவைக் கொல்லாது. வீட்டு ஃப்ரீசரையும் நம்ப வேண்டாம். வெள்ளரி, கேரட், ஆம்லெட் போதுமே! மீன்தான் வேணும்னா பொரித்து வையுங்கள்.

தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். கடற்பாசியில் அயோடின் உண்டு.